பதினேழு சன்னல்

அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மச்சான் இருந்தார். என் அக்காவைக் கட்டியவர், வீட்டுக்காரர். அக்கா அடுப்படியில் இருந்தாள். எலப்புள்ளி ஆசாரி வாசல்படியில் உட்கார்ந்து ஒரு சன்னல் கதவுக்குக் கீல் மாட்டிக்கொண்டிருந்தார். வேலந்தாவளத்தில் பழைய சாமான் கடை வைத்திருந்த ராவுத்தர் வந்திருந்தார். அவர் கூட்டி வந்த கோயமுத்தூர் மில் மேஸ்திரி ஒருவர். மேஸ்திரியின் சம்சாரம். அப்புறம் நான். என் வண்டி வெளியே நின்றது. ஆக ஏழு பேர்.

மேஸ்திரி புதிதாக வீடு கட்டப் போகிறவர். மச்சான் வீட்டைப் பார்த்துவிட்டு அதே மாதிரி கட்டலாம் என்று வந்திருந்தார். அப்படி நிறையப் பேர் வருவார்கள். எருத்தேன்பதிப் பக்கம் மாடு பார்க்க வருவார்கள், பொண்ணு பார்க்க வருவார்கள். வீடு பார்க்க வருவது மச்சான் வீட்டுக்கு மட்டும்தான்.

மச்சான் பெயரை நான் எழுதப் போவதில்லை. போய்ச் சேர்ந்துவிட்டார். திட்டுவதற்குப் பெயர் வேண்டியதில்லை.

கெட்ட மனுசர் இல்லை. குடிக்க மாட்டார். கை நீட்ட மாட்டார். கடலையும் பருத்தியும் போட்டார், விளைந்ததெல்லாம் வீட்டுக்குள் போனது. அவருக்கு இருந்த கோளாறு ஒன்றுதான். யார் வீட்டுக்குப் போனாலும் அங்கே ஏதாவது ஒன்று கண்ணில் படும். பட்டால் அது வேண்டும்.

தோளில் துண்டு கிடக்கும். அதுதான் அவருக்கு அளவுகோல். அடுத்த வீட்டுத் தூணிலோ நிலையிலோ துண்டை வைத்துப் பிடிப்பார், ஒரு முடிச்சுப் போடுவார். முடிச்சோடு வீட்டுக்கு வருவார். துவைக்கும்போது அக்கா முடிச்சை அவிழ்த்துவிட்டால் அன்றைக்கெல்லாம் பேச்சு விழும். அதனால் அவள் முடிச்சோடே துவைப்பாள். முடிச்சுக்குள் இருக்கிற அழுக்கு போகாது. அப்படிப் பத்துத் துண்டு கொடியில் தொங்கும்.

ஒரு தடவை சித்தூர்ப் பக்கம் ஒரு மலையாளத்து வீட்டில் பெரியவர் இறந்துபோனார். எங்களிடம் கடலை வாங்குகிற வீடு. துக்கம் கேட்கப் போனோம். மகன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். மச்சான் தலையை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். மேலே பலகைத் தட்டு அடித்திருந்தது. ஓடு தெரியாது, வழவழவென்று பலகைதான் தெரியும். ரொம்ப நேரம் கழித்து மச்சான் வாயைத் திறந்தார்.

"மேல இருக்கறது பிலாவுங்களா, தேக்குங்களா?"

அந்த மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தார். "அறியில்ல" என்றார்.

வெளியே வந்ததும் மச்சான் என் தோளில் கை போட்டார். "பிலாதான் மாப்ள. அந்த மஞ்ச வேற எதுக்கும் வராது."

பொண்ணு கொடுத்த வீட்டில் பதில் பேசுகிற வழக்கம் எங்களுக்கு இல்லை.

இரண்டு வருசத்தில் அந்த வீட்டுக்காரர்கள் பாகம் பிரித்து வீட்டையும் பிரித்தார்கள். மச்சான்தான் முதல் ஆளாகப் போய் நின்றார். பலகை முழுக்க என் வண்டியில் வந்தது. மூன்று நடை.

என்ன செய்தாலும் அவருக்குக் கண் இருந்தது. அதை இல்லை என்று சொன்னால் நான் பொய் சொல்கிறேன். கோயமுத்தூர் மில்காரர்கள் வீட்டில் பார்த்த மாதிரி முன்கூடத்துக்குச் சிவப்புச் சிமிண்டுத் தரை போட்டார். முகம் தெரியும். மேலே மலையாளத்துப் பிலாப்பலகை. நடுவில் மூணாறு மலையில் ஒரு எஸ்டேட் பங்களாவிலிருந்து வந்த சோபா. துரை ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போனது. அதில் பூப்போட்ட துணி கிழிந்திருந்தது. மச்சான் அதை உரித்துப் போட்டுவிட்டு பவானி ஜமக்காளத்தை இழுத்து ஆணி அடித்தார். சிவப்பும் பச்சையும் பட்டை பட்டையாக. கேட்டவன் சிரித்தான். வந்து பார்த்தவன் சிரிக்கவில்லை.

"எல்லாம் ஒரே மாதிரி இருந்தா அது சத்திரம் மாப்ள" என்பார். "ஊடுன்னா ஒன்னோட ஒன்னு பேசோணும். தொரை ஊட்டுச் சாமானும் நம்மூட்டுச் சாமானும் பக்கத்துல உக்காந்து பேசோணும். அதுக்கு எடம் பாத்து வெக்கோணும்."

இடம் பார்ப்பதுதான் வேலை. காலையில் சோபா கிழக்கே இருக்கும், சாயங்காலம் மேற்கே இருக்கும். மேசை நேற்று இருந்த இடத்தில் இன்று இருக்காது. வயலில் ஆள் நிற்கும், மச்சான் கூடத்தில் நின்று ஒரு கண்ணை மூடி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

சன்னல் மேல் தனி ஆசை. ஒன்று போல் ஒன்று இருக்காது. கம்பி வைத்தது, கம்பிக்குப் பதில் மர அழி வைத்தது, சிவப்புக் கண்ணாடியும் பச்சைக் கண்ணாடியும் பதித்தது, மேலே தூக்கி நிறுத்துகிற துரை சன்னல். வருகிறவர்களை ஒவ்வொன்றாகக் கூட்டிப்போய்க் காட்டுவார். கடைசியில் கூடத்தின் நடுவில் நின்று சொல்வார்: "மொத்தம் பதினேழு சன்னலுங்க."

எஸ்டேட் சாமான் லாரியில் வேலந்தாவளம் வரைக்கும் வந்து ராவுத்தர் கடையில் இறங்கியது. அங்கிருந்து என் வண்டி. சோபா, மூன்று சன்னல், ஆள் உயர நிலைக்கண்ணாடி. கண்ணாடியை வைக்கோலில் படுக்க வைக்கலாம் என்றேன். மச்சான் ஒத்துக்கொள்ளவில்லை. வண்டியில் ஏறி அதை நிறுத்திக் கட்டிப்பிடித்து உட்கார்ந்தார். அன்றைக்கு மாட்டுச் சந்தை, துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்துக்குள் வண்டி போகும்போது ஒரு காளை கண்ணாடியைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டது. ஓட்டுகிறவன் அடித்தும் நகரவில்லை.

ராவுத்தர் கடையிலிருந்தே சொன்னார். "கவுண்டரே, அவனுக்குப் புடிச்சுப் போச்சு. துண்டுக்கடியில கைய விட்டு வெலை பேசுங்க."

சந்தையே சிரித்தது. மச்சானும் சிரித்தார். அன்றைக்கு எனக்கும் அவரைப் பிடித்திருந்தது. வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி, கண்ணாடியில் பின்னால் போகிற ரோட்டையும் பனைமரத்தையும் எனக்குக் காட்டினார். "பாரு மாப்ள, ஒரு ரோடு ரெண்டாச்சு" என்றார்.

மூன்று சன்னலில் இரண்டை வைத்தார். மூன்றாவதுக்கு இடம் அமையவில்லை என்று மாட்டுக்கொட்டாயில் சாய்த்து வைத்தார்.

இனி அடுப்படி.

முன்பு அந்த அடுப்படிக்கு நாட்டு ஓடு. சன்னல் கிடையாது. ஆனாலும் ஓட்டுச் சந்து வழியாகப் புகை போய்விடும். மாநிலம் பிரித்து எங்கள் ஊர் கேரளத்தில் சேர்ந்த வருசம் மச்சான் வீடு முழுக்க மங்களூர் ஓடு போட்டார். பிலாப்பலகை கொஞ்சம் மீந்தது. கூடத்துக்கும் அறைக்கும் அடித்தது போக மீந்ததை அடுப்படிக்கு மேலும் தட்டாக அடிக்கச் சொன்னார். வீடு முழுக்க ஒரே தலை இருக்க வேண்டுமாம்.

பலகையை இறக்கிக்கொண்டிருந்தபோது ஆசாரி என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். ஆசாரிக்கு மலையாளமும் தமிழும் கலந்துதான் வரும்.

"எங்க நாட்டு அடுக்களையில தட்டு அடிக்க மாட்டோம். செவுருக்கு மேல மர அழி இருக்கும், பொகை போறதுக்கு. இவரு அறையக் கண்டாரு, கூடத்தக் கண்டாரு. அடுக்களை கண்டதில்ல."

"அவர்கிட்டச் சொல்லுங்க."

"ஞான் சொன்னேன். கண்டத மாத்திரம் செய்னு சொன்னாரு."

ஆசாரி மேலே ஏறினார். நான் பலகையை எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு பலகையும் என் கையிலிருந்துதான் போனது.

எங்கள் பக்கம் எரிப்பது பருத்தி எடுத்தபின் வெட்டுகிற பருத்திமாரும் வரட்டியும். பருத்திமார் பச்சையாக இருந்தால் புகைதான், தீ இல்லை. பலகைத் தட்டு ஆறு மாசத்தில் கறுத்துப் போனது. அந்த மஞ்சள் எங்கே போனதோ. அக்காவுக்குக் கண்ணில் நீர் வடிய ஆரம்பித்தது. முந்தானையால் துடைப்பாள், அடுப்பு ஊதுவாள், துடைப்பாள். முதலில் சிவப்பு. அப்புறம் பீளை. அப்புறம் கண்ணில் பால் மாதிரி ஒரு புள்ளி.

அவள் மச்சானிடம் கேட்டபோது நான் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, கொட்டாயில கெடக்கற சன்னல அடுப்படிக்கு வெச்சுக் குடுங்களேன். பொகை போக வழியில்லீங்க."

"அது தொரை ஊட்டுச் சன்னலு. அடுப்படில வெச்சா அது யாரோட பேசும்?"

"எங்கூடப் பேசட்டுமுங்க" என்றாள் அக்கா.

மச்சான் சிரித்தார். நல்ல சிரிப்பு, மனசு விட்டு. ராவுத்தரிடம்கூட இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார், ராவுத்தரே என்னிடம் சொன்னார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

கிணற்று மேட்டில் வண்டிப்பாதை திரும்புகிற இடம் அடுப்படி வாசலிலிருந்து தெரியும். என் வண்டி அங்கே திரும்பும்போதே அக்கா பார்த்துவிடுவாள். நான் மாட்டை அவிழ்த்துக் கட்டுவதற்குள் தட்டில் சோறு இருக்கும். பிறகு பிறகு அவள் பார்க்கவில்லை, மணிச் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறாள் என்று எனக்குப் பட்டது. ஒரு நாள் வலத்து மாட்டுக்குக் கழுத்தில் புண். மணியைக் கழற்றிவிட்டுப் போனேன். அடுப்படி வாசலில் போய் நின்றேன். அவள் என் முகத்துக்கு நேரே பார்த்தாள்.

"ஆருங்க?" என்றாள். "அவிய வயலுக்குப் போயிருக்காங்க. உக்காருங்க."

"நாந்தான்க்கா."

"நீயா தம்பி." சிரித்தாள். "பொகைல தெரியல சாமி."

அடுப்பு அணைந்திருந்தது.

அன்றைக்கு மச்சானிடம் முதல் தடவையாக அக்காவுக்காகப் பேசினேன். அக்காவுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது, அந்தச் சன்னலை வைத்துவிடலாம் என்றேன். "வெக்கலாம் மாப்ள, ஆடி போவட்டும்" என்றார். ஆடி போனது. அடுத்த ஆடியும் போனது. அவர் பொய் சொல்லவில்லை. மறந்து போனார். கூடத்தில் மேசையை எங்கே போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

அந்த வீட்டில் அக்கா எண்ணி நடந்தாள். அடுப்படியிலிருந்து கூடத்துக்கு ஒன்பது அடி, தூண், அங்கிருந்து நாலு அடி. மச்சான் சாமானை மாற்றி வைக்க வைக்க அவள் புதிதாகப் பழக வேண்டும். முழங்காலில் எப்போதும் ஒரு காயம் இருக்கும். கேட்டால் "சோபா வந்து முட்டிருச்சு" என்பாள்.

மேஸ்திரி வந்த அன்றைக்கு வருகிறேன். கோயமுத்தூர் ஆள் வருகிறார் என்று முந்தின நாள் சாயங்காலம் மச்சான் நிலைக்கண்ணாடியை இடம் மாற்றியிருந்தார். வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில், தரையோடு நிறுத்தியிருந்தார். உள்ளே வருகிறவனுக்கு இன்னொரு வாசல் இருக்கிற மாதிரி தெரியும். மேஸ்திரியே ஒரு நிமிசம் நின்றுவிட்டார்.

"அடேயப்பா, பின்னாடி ஒரு வாசலுங்களா?"

"ஒரு வாசல் ரெண்டாச்சுங்க" என்றார் மச்சான்.

சோபாவில் உட்கார்ந்தார்கள். அக்கா காப்பி கொண்டுவந்தாள். பேச்சுக் குரலைப் பிடித்து ஒவ்வொருவருக்கும் சரியாகக் கொடுத்தாள். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. கடைசி டம்ளர் ஆசாரிக்கு. ஆசாரி வாசல்படியில் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியிலும் வாசல் இருந்தது, வெளிச்சம் இருந்தது, அதில் ஆசாரி உட்கார்ந்திருந்தார்.

அக்கா கண்ணாடிக்குப் போனாள்.

குனிந்து, "ஆசாரி, காப்பி வாங்குங்க" என்று டம்ளரை நீட்டினாள். டம்ளர் கண்ணாடியில் முட்டியது. காப்பி கண்ணாடி மேல் வழிந்து இறங்கியது. அவளுக்குப் புரியவில்லை. இன்னொரு தடவை நீட்டினாள்.

அவள் முதுகுக்குப் பின்னால் வாசல்படியிலிருந்து ஆசாரி சொன்னார். "அம்மா, ஞான் இங்கயாக்கும் இருக்கேன்."

மச்சான் எழுந்து ஓடினார். நான் நினைத்தேன், அவளைப் பிடிக்க ஓடுகிறார் என்று. தோளிலிருந்த துண்டை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். வெளிச்சத்துக்குச் சாய்ந்து பார்த்தார்.

"கீறல் உழுந்துச்சா பாரு மாப்ள" என்றார்.

மேஸ்திரியின் சம்சாரம்தான் எழுந்துபோய் அக்கா கையைப் பிடித்தாள். இரண்டு பேரும் அடுப்படிக்குப் போனார்கள். சோற்றுக்கு உலை கொதித்துக்கொண்டிருந்தது, உள்ளே புகை நின்றது. கொஞ்ச நேரத்தில் அந்தம்மா இருமிக்கொண்டு வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. மச்சானுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஏனுங்க, இத்தன ஊடு பாத்துப் பாத்துக் கட்டுனீங்களே. ஒரு ஊட்டுலயாச்சும் அடுப்படியப் பாத்தீங்களா?"

"நீ சும்மா இரு" என்றார் மேஸ்திரி.

மச்சான் கோபப்படவில்லை. நிஜமாகவே யோசித்தார். "நான் எப்படீங்க பாப்பேன்?" என்றார். "விருந்தாளியாப் போறவன் அடுத்தவங்க அடுப்படிக்குள்ள போவானுங்களா?"

"உங்கூட்ல நீங்க விருந்தாளிங்களா?"

மச்சான் என்னைப் பார்த்தார். நான் வண்டிக்குப் போனேன். கடப்பாறை வண்டிக்கு அடியில் கட்டியிருக்கும்.

"மாப்ள, என்ன பண்றே?"

"செவுரு இடிக்கறனுங்க."

ஆசாரி மடியிலிருந்த கதவை இறக்கி வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் மாட்டுக்கொட்டாய்க்குப் போனார். ராவுத்தர் மேஸ்திரியிடம், "நாம இன்னொரு நாள் வரலாமுங்க" என்றார். மேஸ்திரியின் சம்சாரம், "இருந்து பாத்துட்டே போலாம்" என்று சோபாவில் உட்கார்ந்துகொண்டாள்.

அக்காவை வெளியே நிறுத்தினேன். மண் சுவர். பத்துக் குத்தில் ஓட்டை விழுந்தது. புகை மொத்தமாக வெளியே போனது. வெளியே நின்ற என் மாடுகள் நகர்ந்து நின்றன. இன்னும் குத்தினேன். ஆசாரி சன்னலைத் தூக்கிக்கொண்டு வந்தார். கரையான் கீழ்ச் சட்டத்தில் கொஞ்சம் ஏறியிருந்தது, சீவி எறிந்தார்.

மச்சான் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம் உள்ளே வந்தார். நான் பார்த்து அவர் அந்த அடுப்படிக்குள் வந்தது அன்றைக்குத்தான். இருமினார். கண்ணில் நீர் கொட்டியது. துண்டால் துடைத்தார். காப்பி துடைத்த துண்டு. மேலே கறுத்துப்போன பலகையைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். வெளியே நின்ற அக்காவைப் பார்ப்பார் என்று கடப்பாறையை நிறுத்தினேன்.

அவர் ஓட்டையைப் பார்த்தார். ஒரு கண்ணை மூடினார்.

"ஒரு சாண் எறக்கு மாப்ள" என்றார். "அங்க வெச்சா ஓட்டுச் சரிவு மறைச்சுக்கும். பொகை திரும்பி உள்ள வரும்."

கடப்பாறை என் கையில் இருந்தது. மச்சான் அதை மட்டும் சொல்லிவிட்டு நின்றார். ஆசாரி வெளியே போய்ச் சரிவைப் பார்த்துவிட்டு வந்து, என் முகத்தைப் பார்க்காமல் தலையாட்டினார். மச்சான் சொன்னது சரி. ஒரு சாண் இறக்கி வைத்தோம். இன்றைக்கும் எனக்கு ஆறாதது அதுதான். பலகை அடித்த நாளிலிருந்து ஆறு வருசமும் அந்தக் கண் அவரிடம் இருந்தது. உள்ளே வந்து ஒரு நிமிசம் நின்றிருந்தால் போதும்.

மறு வாரம் அக்காவைக் கோயமுத்தூருக்கு வண்டியில் கூட்டிப் போனேன். டாக்டர் இமையைத் தூக்கிப் பார்த்தார். இடது கண் போய்விட்டது, வலது கண் இருக்கிறபடி இருக்கும் என்றார். இரண்டு வருசம் முன்னால் வந்திருந்தால் என்று ஆரம்பித்தார், என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். சன்னல் மாட்டுக்கொட்டாயில் சாய்ந்து கிடந்தது இரண்டரை வருசம்.

அக்கா மச்சானை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. வலது கண்ணில் நிழல் மட்டும் தெரியும். அடுப்பு வேலை முடிந்ததும் அந்தச் சன்னல் பக்கத்தில் உட்காருவாள். வண்டி மேட்டில் திரும்பும்போது, "தம்பி வருது" என்பாள். மணியா நிழலா, எதை வைத்துச் சொல்கிறாள் என்று நான் கேட்டதில்லை.

மச்சான் கொஞ்ச நாள் சாமானை நகர்த்தாமல் இருந்தார். ஒரு கார்த்திகையில் நாற்காலி நகர்ந்தது. அப்புறம் மேசை. வீடு பார்க்க மறுபடியும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

கடைசியாக நான் அவரைப் பார்த்த அன்று பொள்ளாச்சிக்காரர்கள் நாலு பேர் வந்திருந்தார்கள். நான் மாட்டுக்குச் சோளத்தட்டு இறக்கிக்கொண்டிருந்தேன். மச்சான் வழக்கம்போல் எல்லாம் காட்டி முடித்துக் கூடத்தின் நடுவில் நின்றார்.

"மொத்தம் பதினேழு சன்னலுங்க" என்றார்.

நான் தட்டுக்கட்டைக் கீழே போட்டுவிட்டு, அவர்கள் பார்க்க, வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினேன். முன்கூடத்தில் ஆறு. வடக்கு அறையில் மூன்று. தெற்கு அறையில் மூன்று. நடையில் மூன்று. பின்கட்டில் இரண்டு. அடுப்படியில் ஒன்று, அதன் பக்கத்தில் அக்கா.

பதினெட்டு.